பத்துப் பச்சைப் புள்ளிகள்

எங்கள் அச்சகத்தில் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் கிடையாது. ஸ்டேப்ளர் மேல் 'ஸ்டேப்ளர்' என்று ஒட்டியிருக்கும். குப்பைக்கூடை மேல் 'குப்பைக்கூடை'. என் மேசைக்குப் பின்னால், கண் மட்டத்துக்கு நேராக, வெள்ளி ஓரம் வைத்து 'சுவர்' என்றே ஒன்று இருக்கிறது. நாங்கள் லேபிள் அடிக்கிறவர்கள். புது மை, புதுத் தாள், புதுப் பசை, எது வந்தாலும் முதலாளி ஒரு துண்டு அடித்து கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பார். 'சுவர்' நாலு வருஷமாகத் தாங்குகிறது. சுவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நான் அங்கே ஆர்டர் எடுக்கும் வேலையில் சேர்ந்தவள். கணினிகளுக்குக் காவல் காக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த கதை சின்னது. ஒரு நாள் பிரிண்டர் நின்றுபோய், எல்லாரும் அதைச் சுற்றி நின்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். ஓடிவிட்டது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்றால் மேடத்தைக் கேளுங்கள் என்றாகிவிட்டது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப்பூ நான்தான்.

மொத்தம் பத்துக் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, அதையும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறேன். முதலாளியின் லேப்டாப்புக்கு 'மாப்பிள்ளை'. வேலை ஒன்றும் செய்யாது, மரியாதைக்குக் குறைவிருக்காது. வாசல் பக்கம் இருக்கும் பழசுக்கு 'மாமியார்'. எதைச் சொன்னாலும் முதலில் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் செய்யும். என் மாமியார் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இந்தப் பத்துக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்பு மென்பொருள், ஒரு லைசென்ஸ், நிறுவும்போது தட்டிக் கொடுக்க வேண்டிய நீளமான ஒரு கீ. என் திரையில் ஒரு பட்டியல் தெரியும்: கணினியின் பெயர், பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் பாதுகாப்பு இருக்கிறது, சிவப்பு என்றால் இல்லை. தினமும் காலையில் பத்துப் பச்சையை எண்ணிவிட்டுத்தான் எனக்குக் காபி இறங்கும்.

இதை எங்களுக்கு விற்றவன் என் தம்பி. அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அந்த மென்பொருள் கம்பெனியில் பதிவு பெற்ற விற்பனையாளன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். அவனை முதலாளியிடம் கூட்டி வந்து, "என் தம்பி சார், நம்பிக் குடுக்கலாம்" என்று சொன்னது நான். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டதும் நான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் வேறொருவர் கடையில் வேலை பார்த்தான். அங்கே ஒரு லைசென்ஸை வைத்துக்கொண்டு இருபது வீடுகளில் போட்டுக் கொடுத்து, மாட்டிக்கொண்டான். அப்பா போய், தன் வயதில் பாதி இருக்கிற அந்தக் கடைக்காரர் முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். தம்பி ஒரு வருஷம் வீட்டில் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல எழுந்து, சொந்தமாக ஒரு கடை போட்டு, பதிவு வாங்கி, மனிதர்களோடு மனிதனாக நின்றான்.

எனக்கு அவன் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டை மட்டும் நான் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. சர்வீஸுக்கு வந்தால், "பாஸ்வேர்டு போடு அக்கா" என்று சொல்லிவிட்டு, நான் போட்டு முடிக்கிற வரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். அது பழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் பட்டியலைத் திறந்தேன். பத்துப் பெயருக்குப் பதில் பதினான்கு. மாப்பிள்ளை சிவப்பு, மாமியார் சிவப்பு, இன்னும் இரண்டும் சிவப்பு. யாரென்றே தெரியாத நாலு பேர் பச்சையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மென்பொருளின் சட்டம் அப்படி. பத்துப் பேர் உட்காரும் பெஞ்சில் புதிதாக ஒருவர் வந்தால், கொஞ்ச நாளாக வேலை செய்யாமல் இருப்பவர் எழுந்து இடம் விட வேண்டும். எங்கள் மாப்பிள்ளை முதல் ஆளாக எழுந்ததில் ஆச்சரியமில்லை.

வந்தவர்களின் பெயரைப் படித்தேன். 'பேக்கிங்-2', 'ரிசப்ஷன்', 'வீட்டு லேப்டாப்', 'கால்நடை கிளினிக்-1'.

நாலாவது பெயரை இரண்டு தடவை படித்தேன். கால்நடை கிளினிக் என் தம்பியின் வாடிக்கையாளர். எங்களிடம் மருந்துப் புட்டி லேபிள் வாங்குகிறவர்கள். அந்தப் பழக்கத்தில் நான்தான் அவனை அங்கே அனுப்பினேன். போன மாதம் கூட, அங்கே நாலு கணினி பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

நாலையும் நீக்கினேன். எங்கள் நாலையும் உள்ளே ஏற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கிளினிக் உட்பட. மறுபடி நீக்கினேன். மாலை நாலு மணிக்கு ஏழு பேர். கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருகிறார்கள்.

இது சாதாரண வாரமாக இருந்திருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அவர்களுடைய பெட்டிக்கு லேபிள் அடிக்கும் வேலையைப் பிடிக்க முதலாளி இரண்டு வருஷமாக நடையாய் நடந்திருக்கிறார். வெளிவராத மருந்தின் லேபிள் வடிவங்கள் எங்கள் கணினிக்கு வரும் என்பதால், அவர்கள் முதலில் பார்க்கப்போவது என்னுடைய பத்துப் புள்ளிகளைத்தான்.

"எல்லாம் பச்சையா இருக்குல்ல மேடம்?" என்று முதலாளி போகிற போக்கில் கேட்டார்.

"இருக்கு சார்," என்றேன். அந்த நிமிஷத்தில் ஆறுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் தம்பியின் கடைக்குப் போனேன். ஒரு கீபோர்டைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வா அக்கா. என்ன இந்த நேரத்துல?"

"சும்மாதான்."

நான் சும்மா எங்கேயும் போகிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"அந்தக் கால்நடை கிளினிக்குக்கு என்ன செக்யூரிட்டி போட்டுக் குடுத்த?"

"அவங்க இன்னும் வாங்கவே இல்லையே. மூணு தடவ சொல்லிட்டேன். டாக்டர் நாய்க்கெல்லாம் ஊசி போடுவாரு, கம்ப்யூட்டருக்குப் போட மாட்டேங்கறாரு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"பொய் சொல்லாதடா."

"நான் எதுக்குக்கா உன்கிட்ட பொய் சொல்லணும்?"

போனில் பட்டியலைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். படித்தான். கிளினிக் பெயர் வந்த இடத்தில் அவன் விரல் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு ஓரம் ஓரமாக இறங்கியதை நான் பார்த்தேன்.

"இது நான் பண்ணல அக்கா."

'தெரியும்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா கைகட்டி நின்றதுதான் கண் முன்னால் நின்றது. நான் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவன் பார்த்தான்.

"சரி. யாரு பண்ணாங்கன்னு அப்பறம் பாத்துக்கலாம்," என்றான், வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில். "பழைய கீயை ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்கணும். அதுவரைக்கும் நீ நீக்க நீக்க வந்துட்டேதான் இருப்பாங்க. கம்பெனியில ஒரு ஃபாரம் இருக்கு, உங்க முதலாளி கையெழுத்து போடணும். இப்பவே எடுத்துத் தரேன்."

ஒரே பக்கம்தான். கீழே மூன்று கேள்விகள். கீ வெளியே போனது எப்படி? அதற்குப் பொறுப்பானவர் யார்? அவர் எங்கள் பதிவு பெற்ற விற்பனையாளரா?

"மூணாவதுக்கு ஆமாம்னு போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"என் பதிவ நிறுத்தி வெச்சுட்டு விசாரிப்பாங்க. விசாரிச்சா பழைய கதை வரும். அது வந்தா அப்பறம் யாரும் எனக்குச் சரக்கு தர மாட்டாங்க."

"பேரை எழுதாம விட்டா?"

"திருப்பி அனுப்பிடுவாங்க." பிரஷ்ஷை எடுத்து மறுபடி கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தான். "என் பேரையே போட்டுக்க அக்கா. உங்களுக்கு வியாழக்கிழமைக்குள்ள பச்சை வரணும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாதவன் இவ்வளவு சுலபமாகப் பழியை வாங்கிக்கொள்வானா? அப்படியென்றால் செய்தவனா? செய்தவன் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்வானா? ஃபாரத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலை என் பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து கிடைத்த வசவெல்லாம் உண்மையில் வேறு ஒருவருக்குச் சேர வேண்டியது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃபாரத்தோடு முதலாளியின் அறைக்குப் போனேன். இரண்டாவது கேள்விக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. உள்ளே போய் அவரைப் பார்த்த பிறகு கை தானாக எழுதும் என்று நினைத்திருந்தேன். கை எழுதவில்லை. அவர் மேசை விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு வழியாகச் சொன்னேன். கீ வெளியே போனதைச் சொன்னேன். திங்கட்கிழமை 'இருக்கு சார்' என்றது பொய் என்று சொன்னேன். தம்பியின் பழைய கதையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் தம்பியை நானே தெருவில் நிறுத்துகிற மாதிரி இருந்தது.

முதலாளி சுரண்டுவதை நிறுத்தினார்.

"இதெல்லாம் அப்பவே சொல்லியிருக்கணும் மேடம்."

"ஆமா சார்."

"இப்ப அவருதான் பண்ணாருன்னு நினைக்கிறீங்களா?"

"பண்ணலன்னு சொல்றான் சார்."

"நான் அவரு சொல்றதக் கேக்கல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டேன்."

அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் அவர் போன் அடித்தது. முதலாளி எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில்தான் எடுப்பார். கையில் எப்போதும் பசை.

"சார், வணக்கம். தேன் கடையிலேருந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். எங்கள் பழைய வாடிக்கையாளர், தேன் பாட்டில் லேபிள் வாங்குகிறவர். "உங்க மாதிரிப் புத்தகம் வந்துச்சு. அவ்வளவு அழகு சார். சுரண்டினா சுரண்டுது, மோந்தா மணக்குது. என் பேத்தி வாசனைப் பக்கத்த நக்கியே பாத்துட்டா!"

முதலாளி முகம் மலர்ந்தது. அந்த மாதிரிப் புத்தகம் அவருடைய செல்லப் பிள்ளை. நாங்கள் என்னென்ன லேபிள் அடிப்போம் என்று காட்ட, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, போன வாரம்தான் எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பி முடித்தோம். அதில் இருக்கிற எதுவும் பொம்மையாக இருக்கக்கூடாது, எல்லாம் நிஜமாக வேலை செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அப்பறம் சார், அந்த கிஃப்டுக்கு ரொம்ப நன்றி. யார் இந்தக் காலத்துல இதெல்லாம் இலவசமா தராங்க? ஆனா ஒண்ணு, திங்கக்கிழமையிலேருந்து அது அடிக்கடி போயிடுது. உங்கள நீக்கிட்டாங்கன்னு வருது. நாங்களும் விடல, திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணிப் போட்டுக்கறோம். பேக்கிங்ல இருக்கற ரெண்டாவது கம்ப்யூட்டருக்கும் போட்டாச்சு."

'பேக்கிங்-2'.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முதலாளி ஒன்றும் புரியாமல், "சரிங்க, சரிங்க, பாக்கறேன்" என்று போனை வைப்பதற்குள், அலமாரியிலிருந்து மாதிரிப் புத்தகத்தை உருவி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். அங்கே ஒரு க்யூஆர் லேபிள். அதற்குக் கீழே முதலாளியே எழுதிய வாசகம்: 'ஸ்கேன் செய்து பாருங்கள். உள்ளே உங்களுக்கு ஒரு சிறு அன்பளிப்பு.' ஸ்கேன் செய்தால், முதல் நூறு லேபிள் இலவசம் என்ற எங்கள் இணையப் பக்கம் திறக்க வேண்டும்.

என் போனை அதன் மேல் காட்டினேன். திறந்தது. மேலே எங்கள் அச்சகத்தின் பெயர். அதற்குக் கீழே, 'உங்கள் கணினிக்கான பாதுகாப்பு மென்பொருளை நிறுவ இங்கே அழுத்தவும்.'

அது என் தம்பி எங்களுக்காகச் செய்து தந்த படம். புதுக் கணினி வந்தால் நான் அவ்வளவு நீளமான கீயைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்று, கீயையும் உள்ளே வைத்து ஒரு க்யூஆர் ஆக்கி அனுப்பியிருந்தான். 'யார்கிட்டயும் குடுக்காத அக்கா' என்று கீழே எழுதியும் இருந்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டிசைனரைக் கூப்பிட்டேன்.

"ஒன்பதாம் பக்கத்துக்கு இந்தப் படம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்கதான மேடம் அனுப்பினீங்க," என்றார் அவர், தன் மேல் ஏதோ வரப்போகிறது என்ற பயத்தில். போனை எடுத்துக் காட்டினார். நான்தான். போன மாதம் பத்தாம் தேதி, மதியம் இரண்டு பத்துக்கு. 'இந்தாங்க' என்று வேறு எழுதியிருக்கிறேன். "ஸ்கேன் ஆகுதான்னு பாத்தேன் மேடம். ஆச்சு. நம்ம பேர் வந்துச்சு. சரின்னு ஒட்டிட்டேன்."

அந்த இலவச லேபிள் பக்கத்துக்காக முதலாளி அனுப்பிய க்யூஆர் படமும் தம்பி அனுப்பிய படமும் ஒரே நாளில் என் போனுக்கு வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம். எடுத்ததில் ஒன்று என்று அனுப்பியிருக்கிறேன். லேபிள் அடிக்கிற இடத்தில், சுவருக்குக் கூட லேபிள் ஒட்டுகிற இடத்தில், அந்த இரண்டு படத்துக்கு மட்டும் யாரும் லேபிள் ஒட்டவில்லை.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை.

"மேடம், எதுக்குச் சிரிக்கிறீங்க? தப்பு உங்களோடது," என்றார் முதலாளி.

"ஆமா சார்! என்னோடதுதான்! என்னோடதேதான்!"

தப்பு என் மேல் என்று தெரிந்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கல்யாணத்தன்று கூட இல்லை; அதை என் கணவர் இருக்கும்போது சொல்ல மாட்டேன். ஃபாரத்தை விரித்து வைத்து எழுதினேன். பொறுப்பானவர் யார் என்ற இடத்தில் என் பெயரை, முதலெழுத்தோடு, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி அழுத்தமாக எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டேன்.

முதலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "உங்க தம்பி விஷயம் இந்த அறையோட இருக்கட்டும். நாளைக்குக் காலையில அவரு வரணும். புதுக் கீயை அவரே போடட்டும்," என்றார். பிறகு ஒன்பதாம் பக்கத்தைச் சோகமாகப் பார்த்தார். "மீதி இருக்கற புத்தகத்துல இதுக்கு மேல ஒண்ணு ஒட்டிடலாம் இல்ல?" ஒட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த தெருவுக்கு நான் நடந்தேன் என்று சொல்ல முடியாது. என் வயதில், என் எடையில், அதை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது.

கடையில் தம்பி தனியாக இருந்தான். மேசை மேல் அவனுடைய பழைய சர்வீஸ் நோட்டுகள் ஏழெட்டு விரித்துக் கிடந்தன. சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. சான்றிதழ் கீழே, செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னடா இது?"

"எப்படியும் திருப்பிக் கேப்பாங்க. நாமளே குடுத்துட்டா மரியாதை."

மாதிரிப் புத்தகத்தை அவன் முன்னால் போட்டு, ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போனை எடுத்து ஸ்கேன் செய்தான். பார்த்தான். வாசகத்தைப் படித்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

"ஐயோ அக்கா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊருக்கே அன்பளிப்பா குடுத்திருக்கியே!"

"நான்தான்டா. கிளினிக்குக்கும் புத்தகம் போயிருக்கு. நாய் டாக்டர் இலவசம்னதும் ஊசி போட்டுக்கிட்டாரு."

அவன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"நீ என்னத்தான நினைச்ச?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரும். முதலாளியிடம் வந்ததே.

"ஆமாடா," என்றேன். "மன்னிச்சுக்க."

"பரவால்ல அக்கா." கடைசி நோட்டை அடுக்கின் மேல் வைத்தான். "நானும் என்னத்தான் நினைச்சேன். நேத்து நீ போனதுலேருந்து ஒவ்வொரு பக்கமா புரட்டிட்டிருக்கேன், எங்கயாவது மறந்து உங்க கீயைப் போட்டுத் தொலச்சுட்டேனோன்னு."

அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன், கடை வாசல் என்று கூடப் பார்க்காமல். அவன் மானிட்டர் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினான். அதில் என்னமோ மருந்து வாடை அடித்தது. அப்புறம் நூலை அறுத்து, தாளைப் பிரித்து, சான்றிதழை நானே ஆணியில் மாட்டினேன். கோணலாக மாட்டினேன் போலிருக்கிறது. அவன் எழுந்து வந்து ஒரு விரலால் தட்டி நேராக்கினான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் புதுக் கீ வந்துவிட்டது. தம்பி ஒவ்வொரு கணினியாகப் போய்ப் போட்டான். மாமியார் வழக்கம்போல இரண்டு குறை சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டது. பதினொரு மணிக்குப் பத்துப் பச்சை. நான் இரண்டு முறை எண்ணினேன். அன்றைக்கு இறங்கிய காபி போல எந்தக் காபியும் இறங்கியதில்லை. கையோடு தேன் கடை, கிளினிக் என்று எல்லாருக்கும் போன் போட்டு, அந்த அன்பளிப்பு போய்விட்டது, தயவுசெய்து முறையாக ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று மன்னிப்புக் கேட்டேன். அதில் மூன்று பேர் யாரிடம் வாங்கலாம் என்று கேட்டார்கள். யார் பெயரைச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு மருந்துக் கம்பெனியின் ஆய்வாளர் வந்தார். ஒல்லியான பெண்மணி, சிரிக்காத ரகம். பத்துப் புள்ளியையும் பார்த்தார். "இந்த வருஷம் ஏதாவது தப்பு நடந்திருக்கா?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஃபாரத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் படித்தார்.

"பொதுவா எல்லாரும் எதுவும் நடக்கலன்னுதான் சொல்வாங்க," என்றார். நகலைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் முதல் லேபிளை அனுப்பறோம். அதை மட்டும் அன்பளிப்பு லிஸ்ட்ல சேத்துடாதீங்க."

அவர் போன பிறகு முதலாளி ஒரு நிமிஷம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், எல்லாருக்கும் டீ சொன்னார்.

தம்பி கிளம்புவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்தான்.

"ஒரு தடவ லிஸ்ட்டைத் திற அக்கா. பழைய பேரெல்லாம் சுத்தமா போயிடுச்சான்னு பாத்துட்டுப் போறேன். பாஸ்வேர்டு போடு." சொல்லிவிட்டு, எப்போதும் போல, சுவர்ப் பக்கம் திரும்பினான்.

நான் மத்தியானமே அதைத் திறந்து ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். முதலாளியிடம் கேட்டுவிட்டுத்தான். இத்தனை வருஷமாக நிர்வாகி என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. இப்போது கீழே இன்னொரு பெயர் இருக்கிறது.

"திரும்புடா," என்றேன்.

திரும்பினான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, அவனை அதில் உட்கார வைத்தேன். திரையில் அவன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே புதுப் பாஸ்வேர்டுக்கான கட்டம் காலியாக இருந்தது.

"இது உன் கணக்கு. பாஸ்வேர்டை நீயே போட்டுக்க. என்கிட்ட கூடச் சொல்லாத."

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"சரி, அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பு," என்றான்.

திரும்பினேன். என் மூக்குக்கு நேராக வெள்ளி ஓரம் வைத்த அந்த ஸ்டிக்கர் இருந்தது. எனக்குப் பின்னால் கீபோர்டு நிதானமாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. அது ஓயும் வரைக்கும் நான் 'சுவர்' என்பதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.